அப்பா வைத்த ஜன்னல்

எனக்குக் கல்நெஞ்சு என்று என் நாத்தனார் சொன்னது என் காதிலேயே விழுந்தது. கூடத்தில் உட்கார்ந்து தம்பியிடம் ரகசியம் பேசுகிறாராம். அவர் ரகசியம் பேசினால் மூன்றாவது மாடிக்குக் கேட்கும். நான் சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன், கதவோ பாதி திறந்திருந்தது. சொல்லிவிட்டுப் போகட்டும் என்று விட்டிருப்பேன். நான் இந்தக் குளிர் நாட்டில் டவுன் பஸ் ஓட்டுகிறவள். தினமும் யாராவது ஒருவர் என்னை ஏதாவது சொல்லிவிட்டுத்தான் இறங்குகிறார்கள். அதையெல்லாம் காதில் போட்டுக்கொண்டால் வண்டி டிப்போவை விட்டே வெளியே வராது.

ஆனால் இது என் மகள் விஷயம். அதனால் சுருக்கென்று தைத்தது.

மகளுக்கு நாலரை வயது. பள்ளிக்கூடத்தில் கூப்பிட ஒரு பெயர் இருக்கிறது, வீட்டில் அவள் மிளகு. ஆள் இத்தனூண்டு, காரம் அவ்வளவு. குளிர் தொடங்கிய நேரத்தில் அவள் கதவு நிலையில் அடிக்கடி இடித்துக்கொள்கிறாள் என்று டீச்சர் சொல்லியனுப்பினார். துறுதுறுப்பு, வேறென்ன என்று நாங்களும் இருந்துவிட்டோம். அப்புறம் ஒரு நாள் விளையாட்டுக்கு அவள் வலது கண்ணைப் பொத்திக்கொண்டு, "நான் யார் சொல்லு?" என்றேன். "யாரோ" என்றாள்.

கண் டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். கண்ணில் பெரிய கோளாறு இல்லையாம். இடது கண் சோம்பேறியாகிவிட்டதாம். வலது கண்ணே எல்லா வேலையையும் இழுத்துப் போட்டுச் செய்வதால், மூளை இடது கண்ணை எதுவும் கேட்பதே இல்லையாம். வைத்தியம் ஒன்றுதான். மூக்குக்கண்ணாடி போட வேண்டும், தினமும் காலையில் எழுந்ததிலிருந்து மதியச் சாப்பாடு வரைக்கும் நல்ல கண்ணின் மேல் ஒட்டு போட்டு மூட வேண்டும். காயத்துக்குப் போடும் பிளாஸ்திரி மாதிரி, கொஞ்சம் பெரிது. அதைத் தோலோடு ஒட்டி, மேலே கண்ணாடியை மாட்ட வேண்டும். அப்போது வேறு வழியில்லாமல் சோம்பேறிக் கண் எழுந்து உட்காருமாம். "இந்த வயசுல வேலை வாங்கினா வரும். வளர வளரக் கஷ்டம். வருஷக் கடைசி லீவு முடிஞ்சதும் கூட்டிட்டு வாங்க, அப்ப பார்க்கலாம்" என்றார். அவர் சொல்லாமல் விட்டதையும் நான் கேட்டுக்கொண்டேன். விட்டால் அந்தக் கண் அவ்வளவுதான்.

சரி, ஒரு கை பார்த்துவிடுவோம் என்று வீட்டுக்கு வந்தேன்.

முதல் நாள் ஒட்டு போட்டதும் மிளகு நாற்காலியைத் தேடி நடந்து நாற்காலி மேலேயே விழுந்தாள். எழுந்து என் பக்கம் திரும்பி, "அம்மா, உன் மூஞ்சி எங்க போச்சு?" என்று கேட்டாள். நான் இரண்டு எட்டு தள்ளித்தான் நின்றிருந்தேன். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "இங்கதான் இருக்கு, நல்லாத் தேடு" என்று கண்டிப்பாகச் சொன்னேன். அப்போதுதான் எனக்கு ஒன்று புரிந்தது. அவளுக்கு என் குரல் மட்டும்தான் கேட்கிறது, முகம் தெரியவில்லை. குரல் ஆடாமல் இருந்தால் போதும், கண்ணீர் தன் பாட்டுக்கு ஓடலாம்.

அன்றிலிருந்து அது எனக்கு வசதியாகப் போயிற்று. ஒட்டு போட்ட நேரத்தில் சமையலறை மேசையில் அவளை மணி கோக்க உட்கார்த்திவிட்டு, பாத்திரம் கழுவும் தொட்டி ஓரம் நின்றுகொண்டு வேண்டுமட்டும் அழுவேன். துடைத்துக்கொள்ளக்கூட மாட்டேன். அவள் "எடுத்துடும்மா" என்று கெஞ்சும்போது வாய் "கிடையாது" என்று சொல்லும், முகம் கோணிக்கொண்டு போகும். யாருக்குத் தெரியப் போகிறது? கூடத்தில் என்னைக் கல்நெஞ்சு என்றவருக்கு இதெல்லாம் தெரியாது. தெரியவும் வேண்டாம்.

நாத்தனார் வருவதற்கு முன்பே என்னைக் காலை ஷிப்டுக்கு மாற்றிவிட்டார்கள். இருட்டு விலகுமுன் டிப்போவில் நிற்க வேண்டும், வண்டிக் கண்ணாடியில் படிந்த பனியைச் சுரண்ட வேண்டும். மதியச் சாப்பாட்டு வேளைக்குத்தான் வீடு. அதனால் ஒட்டு போடும் வேலை என் வீட்டுக்காரர் கைக்குப் போனது. அவர் பார்சல் கிடங்கில் வேலை பார்க்கிறார், பெட்டிகளுக்கு டேப் ஒட்டுகிற பிரிவு. அவருக்கு மதியத்துக்கு மேல்தான் வேலை. மனுஷர் பூஞ்சை மனசு. குழந்தை தும்மினால் இவருக்குக் காய்ச்சல் வரும். இவரா ஒட்டுப் போடப் போகிறார் என்று நான் பயந்துகொண்டேதான் போனேன். ஆனால் அவர் கைக்குப் போன சில நாளிலேயே அழுகை நின்றுவிட்டது. மிளகு மணி மணியாகக் கோத்து மாலையே கட்டுகிறாளாம், படப் புத்தகத்தில் எறும்பைக்கூடக் காட்டுகிறாளாம். "நீ அதட்டுறதாலதான் அவ அழுதா. நான் போட்டா சமத்தா இருக்கா" என்று ஒரு பெருமை வேறு. எனக்குப் பொறாமைதான், ஆனாலும் உச்சி குளிர்ந்தது. கண்ணுக்கு நல்லதென்றால் அவரே நல்லவராக இருந்துவிட்டுப் போகட்டும்.

லீவு தொடங்கியதும் அவருடைய அக்கா வந்து இறங்கினார். கணவர் வெளிவேலையாகப் போயிருப்பதால் லீவு முழுக்க இங்கேதான். இரண்டு பெட்டி, ஒரு கம்பளி மூட்டை, எல்லாவற்றுக்கும் ஓர் அபிப்பிராயம். ஒட்டைப் பார்த்த நிமிஷத்திலிருந்து அவருக்கு ஆறவில்லை. ஊர் பூரா லீவு, பிள்ளையின் கண்ணுக்கு மட்டும் லீவு கிடையாதா என்றார். போட்டோ எடுத்தால் ஒற்றைக்கண்ணோடா எடுப்பது என்றார். தான் இருக்கிற வரைக்குமாவது அதைக் கழற்றி வைக்கச் சொன்னார். நான் என் வேலையைப் பார்க்கப் போய்விட்டேன். பதில் சொன்னால் அதற்கும் அவரிடம் ஒரு பதில் இருக்கும். அதற்குப் பிறகுதான் அந்தக் கல்நெஞ்சு.

மறுநாள் எனக்கு விடுமுறை. லீவு நாட்களில் பாதி பஸ்தான் ஓடும், எனக்கும் பாதி நாள் வேலை இருக்காது. அசதியில் நான் கொஞ்சம் அதிகமாகத் தூங்கிவிட, ஒட்டை என் வீட்டுக்காரர்தான் போட்டார். மிளகு மேசையில் மணி கோத்துக்கொண்டிருந்தாள். நாத்தனார் கூடத்தில் போனில் யாரிடமோ, இந்தக் காலத்துப் பெண்களுக்குப் பிள்ளை வளர்க்கத் தெரியாததைப் பற்றி விஸ்தாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு எரிச்சல் மண்டியது. தொட்டி ஓரம் நின்றபடி, அவர் மாதிரியே மோவாயை உள்ளே இழுத்து, புருவத்தை நெற்றிக்கு ஏற்றி, வாயை மட்டும் அசைத்துப் பேசிக் காட்டினேன். கடைசியில் நாக்கையும் நீட்டினேன். பார்க்க ஆள் இல்லை என்கிற தைரியம்தான்.

சாப்பாட்டு நேரத்துக்கு ஒட்டைப் பிரித்தாயிற்று. எல்லோரும் உட்கார்ந்தோம். முதல் வாய் உள்ளே போகவில்லை, மிளகு அத்தையின் கையைத் தட்டி, அம்மா உன்னை மாதிரி பண்ணினாள் என்றாள். எப்படி என்று அத்தை கேட்டார். மோவாயை இழுத்து, புருவத்தை ஏற்றி, வாயைக் குதப்பி, நாக்கை நீட்டி, ஒன்று விடாமல் செய்து காட்டினாள். நாத்தனார் கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றது. எனக்குப் பூமி பிளந்தால் தேவலை என்று இருந்தது. மன்னிச்சுக்கங்க அண்ணி, புத்தி கெட்டுப் போச்சு என்று என்னென்னவோ உளறினேன். உளறிக்கொண்டிருக்கும்போதே மண்டையில் ஏதோ இடறியது.

நான் நாக்கை நீட்டியபோது இவள் ஒட்டு போட்டிருந்தாளே.

எழுந்து போய்க் குப்பைக் கூடையைக் கவிழ்த்தேன். சற்று முன் பிரித்த ஒட்டு மேலேயே கிடந்தது. மூக்குப் பக்கத்து ஓரம், நகத்தால் அழுத்தி நறுக்கென்று உள்பக்கமாக மடித்திருந்தது. அந்த இடம் தோலில் ஒட்டியே இருக்காது. ஒரு விரல் போகிற இடைவெளி இருந்திருக்கும். அதை எடுத்து வந்து மேசையில் வைத்தேன்.

"அது ஜன்னல். அப்பா வெச்சது" என்றாள் மிளகு, பெருமையாக. தலையைக் கொஞ்சம் சாய்த்துக்கொண்டால் ஜன்னல் வழியாக எல்லாம் தெரியுமாம். சாய்த்தும் காட்டினாள்.

நான் அவரைப் பார்த்தேன். அவர் ஒட்டைப் பார்த்தார். முகத்தில் ரத்தமே இல்லை. பார்சல் பெட்டிக்கு டேப் ஒட்டுகிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. கடைசி முனையைக் கொஞ்சம் மடித்து விடுவார்கள். பிரிக்கிறவர் நகத்தால் சுரண்டிச் சிரமப்பட வேண்டாம், மடிப்பைப் பிடித்து இழுத்தால் சர்ரென்று வந்துவிடும். அவர் முழுநாளும் செய்கிற வேலை அது. குளிரில் தோல் வறண்டு, ஒட்டைப் பிரிக்கும்போதெல்லாம் புருவம் இழுபட்டு மிளகு அலறியிருக்கிறாள். பிரிக்கச் சுலபமாக இருக்கட்டும் என்று இவர் மூக்கோரம் ஒரு மடிப்பு வைத்தார். அன்றைக்கே அழுகை நின்றது. தன் கை ராசி என்று நினைத்துக்கொண்டார். அந்த மடிப்பு வழியாக நல்ல கண் உலகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது, சோம்பேறிக் கண் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தது.

"புருவ முடி பிஞ்சு ஒட்டோட வந்துச்சு. என்னால தாங்க முடியல" என்றார்.

"எனக்கு மட்டும் தாங்குதா?" என்றேன். குரல் உடைந்துவிட்டது. இப்போது அவள் ஒட்டு போடவில்லை என்பது ஞாபகம் வந்து சட்டென்று திரும்பிக்கொண்டேன்.

அன்று இரவு அவர் வேலை முடிந்து வந்ததும் நான் சும்மா விடவில்லை. வாயில் வந்ததையெல்லாம் பேசினேன். போன நாட்களை யார் திருப்பிக் கொடுப்பார்கள், பாசத்தைக் காட்டிப் பிள்ளையின் கண்ணைக் கெடுத்துவிட்டீர்கள் என்றேன். அது அநியாயமான பேச்சு. தெரிந்தும் பேசினேன். நாத்தனார்தான் நடுவில் புகுந்தார். நடந்தது நடந்துவிட்டது, இத்தனை நாளில் ஆகாதது மிச்சமிருக்கிற நாளிலா ஆகப் போகிறது, விட்டுத் தொலை, டாக்டர் வேறு வைத்தியம் சொல்வார் என்றார். அங்கேதான் எனக்குப் பிடிவாதம் ஏறியது.

விடுவதா? தலைகீழாக நின்றாலும் விட மாட்டேன் என்றேன். நாளையிலிருந்து மடிப்பு கிடையாது. ஓரம் முழுக்க விரலால் அழுத்தி ஒட்ட வேண்டும். பிரிக்கும்போது வெந்நீரில் நனைத்த துணியை வைத்து ஊறவிட்டு மெதுவாக எடுக்க வேண்டும், புருவத்தில் முன்கூட்டியே களிம்பு தடவ வேண்டும். பொருளை யாரும் அவள் கையில் எடுத்துக் கொடுக்கக் கூடாது, அவளே தேடி எடுக்கட்டும். அழுதால் அழட்டும். இந்த வீட்டில் இருக்கிற எல்லோருக்கும் இதுதான் சட்டம், விருந்தாளிக்கும் சேர்த்து. நாத்தனார் மோவாயை உள்ளே இழுத்துக்கொண்டார். நான் சிரிக்கவில்லை.

அடுத்து வந்த நாட்களைச் சொல்லி மாளாது. ஜன்னலை அடைத்துவிட்டதும் மிளகு ருத்ர தாண்டவம் ஆடினாள். கண்ணாடியை வீசினாள், மணிகளைக் கொட்டினாள். கொட்டிய மணிகளை நீயே பொறுக்கு என்றேன். தரையில் முகம் வைத்து, தடவித் தடவி ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள். அவள் அப்பா அந்த நேரத்தில் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். ஆனால் காலையில் ஒட்டை மடிப்பில்லாமல் போடுவதில் ஒரு நாளும் பிசகவில்லை. நான் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தேன், குறை சொல்ல இடம் கொடுக்கவில்லை.

அதற்கும் ஒரு சோதனை வந்தது. எனக்கு வேலை இல்லாத ஒரு நாள், டிப்போவில் பாதிப் பேருக்குச் சளிக் காய்ச்சல், விடிவதற்குள் வண்டி எடுக்க வா என்று ஆள் விட்டார்கள். அதே காலையில் பார்சல் கிடங்கிலும் மலை மாதிரிக் குவிந்துவிட்டது என்று அவரையும் கூப்பிட்டார்கள். மிளகு தூங்கிக்கொண்டிருந்தாள். மிச்சம் இருந்தது நாத்தனார் மட்டும். ஒட்டுப் பெட்டியை அவர் கையில் கொடுத்தேன். இவரிடம் கொடுப்பதும் ஒன்று, குப்பையில் போடுவதும் ஒன்று என்றுதான் நினைத்தேன். அவரும் வாங்கிக்கொண்டார்.

அன்று நான் வண்டி ஓட்டிய லட்சணம் பிரயாணிகளுக்குத்தான் தெரியும். சாலையெல்லாம் உறைபனி, சக்கரம் வழுக்குகிறது, என் புத்தி முழுக்க வீட்டில். உள்கண்ணாடியில் பார்க்கும்போதெல்லாம் பின்சீட்டில் யாரோ தலையைச் சாய்த்துக்கொண்டு ஜன்னல் வழியே பார்ப்பது போலிருந்தது. ஷிப்ட் முடிந்ததும் டீகூடக் குடிக்காமல் ஓடினேன்.

கதவைத் திறந்தால் நாத்தனார் நடையில் தரையில் உட்கார்ந்திருந்தார். கொண்டை அவிழ்ந்து, ஸ்வெட்டர் ஒரு பக்கம் இழுபட்டு, யுத்தம் முடிந்து வந்தவர் மாதிரி. மடியில் மிளகு அழுது ஓய்ந்து விக்கிக்கொண்டிருந்தாள். வலது கண்ணில் ஒட்டு. குனிந்து விரலால் சுற்றிலும் தடவிப் பார்த்தேன். ஓர் இடத்தில்கூடத் தூக்கவில்லை. நாத்தனார் தன் மணிக்கட்டை நீட்டினார், அதில் சின்னச் சின்னப் பல்தடம்.

"கடிச்சுட்டா உன் பொண்ணு. எடுத்துடலாம்னு எத்தனை தடவை கையைக் கொண்டு போனேன் தெரியுமா? எடுக்கல" என்றார். மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டார். "உனக்குக் கல்நெஞ்சுன்னு சொன்னேன் இல்ல? அதை நான் வாபஸ் வாங்க மாட்டேன்மா. இந்த வேலைக்கு அது வேணும். உனக்கு அது எங்கிருந்து கிடைச்சதுன்னுதான் காலையில இருந்து யோசிச்சுட்டு இருக்கேன்."

நான் அவர் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்துகொண்டேன். மிளகுக்குத் தெரியாது என்பதால் இரண்டு பேரும் தாராளமாக அழுதோம். அவருக்கும் அந்த வசதியை அன்றைக்குத்தான் சொல்லிக் கொடுத்தேன்.

லீவின் கடைசி நாள் வந்தது. மறுநாள் டாக்டரம்மாவிடம் போக வேண்டும். இரவெல்லாம் பனி கொட்டி, கீழே முற்றம் வெள்ளையாகக் கிடந்தது. அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் அங்கே ஒன்றன்மேல் ஒன்று விழுந்து கத்திக்கொண்டிருந்தார்கள். நாத்தனார் கூடத்தில் பெட்டி கட்டிக்கொண்டிருந்தார், தம்பி அதன்மேல் உட்கார்ந்து அமுக்கிக்கொண்டிருந்தார். மிளகு ஒட்டு போட்டு மேசையில் இருந்தாள். அவளுக்குக் கீழே போக வேண்டும், ஒட்டு இல்லாமல் போக வேண்டும். போன தடவை ஒட்டோடு போனபோது ஒற்றைக்கண் பூதம் என்று கத்தினார்களாம்.

"இன்னிக்கு மட்டும்மா" என்றாள். அழவில்லை, அடம்பிடிக்கவில்லை, பெரிய மனுஷி மாதிரி மெதுவாகக் கேட்டாள். அதைத்தான் தாங்க முடியவில்லை. எடுத்துவிட்டால்தான் என்ன, ஒரு காலை தானே என்று கை துடித்தது. இந்தக் கையை நம்பக் கூடாது என்று ஈரத் தட்டு ஒன்றை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தேன்.

"கிடையாது. சாப்பிட்டதும் எடுத்துடுவேன், அப்புறம் போய் இருட்டுற வரைக்கும் விளையாடு."

குரல் இரும்பு மாதிரி வந்தது. மிளகு நூலை எடுத்துக்கொண்டாள். நான் தொட்டியில் சாய்ந்து அவளைப் பார்த்தபடி தட்டைத் துடைத்தேன். கண்ணீர் வழக்கம்போல் தன் பாட்டுக்கு இறங்கியது. அவள் கையில் ஒரு சிவப்பு மணி, அதன் ஓட்டையைத் தேடிக்கொண்டிருந்தாள். தேடியபடியே நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். தலை நேராக இருந்தது.

"ஏம்மா அழறே?"

தட்டைத் தொட்டியில் போட்டேன். இரண்டே எட்டில் போய் அவள் முகத்தைப் பிடித்துத் திருப்பினேன். மூக்கோரம், புருவம், கன்னம், விரலால் சுற்றிச் சுற்றி அழுத்திப் பார்த்தேன். ஒரு நூல் நுழைய இடமில்லை. ஜன்னல் எங்கேயும் இல்லை.

"நான் அழலையே. யார் சொன்னது?" என்றேன்.

"பொய். தண்ணி இங்க வருது" என்று தன் கன்னத்தைத் தொட்டுக் காட்டினாள்.

எனக்கு நம்பிக்கை வரவில்லை. மூக்கை உறிஞ்சியிருப்பேன், சத்தத்தை வைத்துச் சொல்கிறாள் என்று நினைத்தேன். மறுபடி தொட்டி ஓரம் போய் நின்றேன். மூச்சுக்கூட விடாமல், சத்தமே இல்லாமல், நாக்கை நீட்டினேன்.

மிளகு மணியைக் கீழே வைத்தாள். பதிலுக்கு நாக்கை நீட்டினாள். நீட்டியது போதாதென்று மோவாயை உள்ளே இழுத்துக்கொண்டு புருவத்தையும் ஏற்றினாள்.

நான் கூடத்தைப் பார்த்துக் கத்தினேன். என்ன கத்தினேன் என்று எனக்கே தெரியாது. பெட்டியை விட்டுவிட்டு இரண்டு பேரும் அடித்துப்பிடித்துக்கொண்டு ஓடி வந்தார்கள். நான் இருந்த கோலத்தைப் பார்த்து, குழந்தைக்கு என்னவோ ஆகிவிட்டது என்று நினைத்து என் வீட்டுக்காரர் வாசலிலேயே நின்றுவிட்டார். மிளகின் இடது கண் அவர் மேல் போய், அங்கிருந்து அத்தை மேல் போய், திரும்ப என்னிடம் வந்து நின்றது.

"அப்பாவும் அழறாரு. அத்தையும்" என்றாள்.

நாளைக்கு டாக்டரம்மா எதை எதையோ வைத்து அளப்பார். இன்னும் நிறைய வேலை இருக்கிறது என்பார், இன்னும் பல மாதம் ஒட்டு போடச் சொல்வார். போடுவேன். யார் என்ன சொன்னாலும் போடுவேன். எனக்கு இப்போது இருக்கிற ஒரே கவலை, இனிமேல் அழுவதற்கு வேறு இடம் பார்க்க வேண்டும்.